மறைத்து வைத்த அடையாளம்

தேசிய விளையாட்டு அரங்கத்தில் அவளை எல்லோரும் கணீர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. மைக் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தால் குரல் அப்படி விழும். ஆட்டம் பார்க்கிற அத்தனை பேருக்கும் அந்தக் குரல் தெரியும், முகம் மட்டும் யாருக்கும் தெரியாது. கடையில் பக்கத்தில் நிற்கிறவன் நேற்றைய ஆட்டத்தைப் பற்றி அவளிடமே அளந்துகொண்டிருப்பான். அவளும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி உம் கொட்டுவாள்.

பொன்விழா ஒத்திகை நடந்த அன்று காலையிலிருந்தே கணீருக்கு எதுவும் சரியில்லை. மகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடமும் விடுமுறை. வேறு ஊரில் வேலை என்று கிளம்பிய புருஷன் போனவன் போனவன்தான், அவனை இந்தக் கதையில் தேடவேண்டாம். ஆக, மகளைக் கையோடு இழுத்துக்கொண்டுதான் வேலைக்கு வரவேண்டியதாயிற்று. அறிவிப்பு அறைக்குள் குழந்தைகளைக் கொண்டுவரக் கூடாது என்பது மேலாளரின் உத்தரவு. மீறினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று ஏற்கெனவே ஒரு தடவை கறாராகச் சொல்லியிருக்கிறார். அதனால் ஊழியர் வாசலில் காவலாளி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, மகளைத் தன் பின்னால் மறைத்துக்கொண்டு நுழைந்தாள். மேலே வந்ததும் மேஜைக்கு அடியில் உட்காரவைத்தாள். அரங்கத்தில் வேலை செய்யும் யாரும் அந்தக் குழந்தையை அதற்கு முன் பார்த்ததில்லை.

குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா கத்திய கத்தலில் மூடிய வாய், அப்படியே மூடியிருந்தது. அழுதிருந்தால்கூடக் கணீர் தாங்கியிருப்பாள். சமாதானம் செய்ய வழி தெரியாமல் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை மேஜைக்கு அடியில் நீட்டினாள். அது வாங்கிக்கொண்டது, பிரிக்கவில்லை.

ஆளில்லாத அரங்கத்தைப் பட்டப்பகலில் பார்த்திருக்கிறீர்களா? இருட்டில் பார்த்தால் பயமில்லை, இருட்டு பாதியை மறைத்துவிடும். உச்சி வெயிலில்தான் ஒவ்வொரு நாற்காலியும் தனித்தனியாகத் தெரியும். காற்று அடிக்காமலே எங்கோ ஒரு நாற்காலி பட்டென்று மடங்கும். மடங்க வேண்டுமானால் அதற்கு முன் யாரோ உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா என்ற நினைப்பு வரும். அந்த நினைப்பை ஓட்டிவிட்டு வேலையைப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் அங்கே நிலைப்பார்கள். கணீர் பல வருஷமாக நிலைத்தவள்.

அன்றைய வேலை, விழாவுக்காக எழுதிக் கொடுத்திருந்த அரங்கத்தின் வரலாற்றை மைக்கில் வாசித்துப் பார்ப்பது. ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒயர் அண்ணன் கையில் வாக்கி-டாக்கியோடு காலரி காலரியாக நடந்து, எங்கே சரியாகக் கேட்கிறது, எங்கே சொதப்புகிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர் உடம்பும் ஒயர்தான், உள்ளே சதை இருக்கிறதா என்று சந்தேகம் வரும்.

கணீர் வாசித்தாள். சதுப்பு நிலத்தில் மண் கொட்டி மேடாக்கியதில் தொடங்கியது வரலாறு. முதலில் மரப்பலகைக் காலரி, பிறகு கான்கிரீட், பிறகு மேலே கூரை. நான்கு மூலையிலும் விளக்குக் கோபுரம். மழை பெய்தாலும் வழுக்காத ஓடுதளம், பின்பக்கம் நீச்சல் குளம், உள்விளையாட்டு மண்டபம், வீரர்கள் தங்கும் விடுதி, அவசர சிகிச்சை அறை, வென்ற கோப்பைகளை வைத்திருக்கும் காட்சிக்கூடம். எழுதியவர் எதையும் விடவில்லை. கழிப்பறைகளைக்கூடப் புகழ்ந்திருந்தார்.

விட்டது ஒன்றுதான். தெற்குப் படிக்கட்டு.

எழுதியவர் விட்டாலும் அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அரங்கம் திறந்த அன்றைக்கு முதல் ஆட்டம் முடிந்து, கூட்டம் தெற்குப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மைக்கில், ஒரு குழந்தை காணாமல் போய் காலரியின் உச்சியில் உள்ள அறையில் அழுதுகொண்டிருக்கிறது, பெற்றோர் உடனே வரவும் என்று அறிவித்துவிட்டார்கள். பாதிப் படி இறங்கியிருந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் திரும்பினார்கள். கீழே வருகிற அத்தனை பேரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே ஏறப் பார்த்தார்கள். யாரோ தடுக்கினார்கள், அவர் மேல் யாரோ விழுந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் படிகளில் செருப்புகள்தான் கிடந்தனவாம், குவியல் குவியலாக, ஜோடி சேராமல். அந்தக் குழந்தையை யார் அழைத்துப் போனார்கள், என்ன ஆனது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். படிக்கட்டின் மேல்வாயைச் சுவர் வைத்து அடைத்து, கீழ்வாயில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். இப்போது உள்ளே உடைந்த நாற்காலிகளும் அந்தச் சுவரும்தான்.

"வரலாறு போதும்மா," என்றது வாக்கி-டாக்கி. "இழுத்து இழுத்துப் படிச்சா எல்லாக் காலரியிலும் நல்லாத்தான் கேக்கும். குழந்தையைப் போடு. தெற்கு ஓரம் போய் நிக்கிறேன்."

குழந்தையைப் போடு என்றால், காணாமல் போன குழந்தைக்கான அறிவிப்பைச் சோதனைக்காகப் படி என்று அர்த்தம். சட்டை நிறம், வயது, அடையாளம் என்று அடுக்கடுக்காக வருகிற அந்த அறிவிப்பு எதிரொலியில் குழையாமல் கேட்டால் மற்ற எல்லாமும் கேட்கும். இதற்காகக் கணீர் வைத்திருந்தது ஒரு பொய்க் குழந்தை. ஒரு காலில் சிவப்பு ஷூ, ஒரு காலில் பச்சை ஷூ, தலையில் போலீஸ் தொப்பி. உலகத்தில் அப்படி ஒரு குழந்தை இருக்க வாய்ப்பில்லை என்பதால் யாரும் பதறி ஓடி வரமாட்டார்கள்.

நிஜக் குழந்தைக்கு அறிவிப்பதில் வேறொரு கட்டுப்பாடு உண்டு. எல்லா அடையாளத்தையும் மைக்கில் சொல்லிவிடக் கூடாது. ஒன்றை மறைத்து வைக்க வேண்டும். முழங்காலில் தழும்பு, சட்டைப் பையில் ஒரு கூழாங்கல், இப்படி ஏதாவது ஒன்று. குழந்தையைக் கேட்டு வருகிறவர்களிடம் அதைத்தான் கேட்பார்கள். சொன்னால் பெற்றவர்கள், சொல்லாவிட்டால் வேறு யாரோ. பெயரையும் சொல்லக் கூடாது. பெயர் தெரிந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாமே.

கணீர் மைக்கை அழுத்தப் போனவள், மேஜைக்கு அடியில் பார்த்தாள். பிஸ்கட் பொட்டலம் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அவளுக்குள் ஏதோ உருகியது. இந்தப் பெண்ணைச் சிரிக்கவைக்காமல் இன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது என்று நினைத்துக்கொண்டு, மைக்கை அழுத்தினாள்.

"ரசிகர்களின் கவனத்திற்கு. ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று காணாமல் போய், கீழ்த்தளத்தில் உள்ள குழந்தைகள் அறையில் காத்திருக்கிறது. மஞ்சள் கவுன் போட்டிருக்கிறது. முன்பல் ஒன்று விழுந்துவிட்டது."

மேஜைக்கு அடியில் தலை நிமிர்ந்தது.

"கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். இப்போதும் சிவந்திருக்கிறது."

சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு குழந்தை வெளியே தவழ்ந்து வந்தது. "முட்டியில பிளாஸ்டர் இருக்குன்னு சொல்லு," என்று அம்மாவின் காதில் கிசுகிசுத்தது. சொன்னாள். "தொடையில மச்சம்." அதையும் சொன்னாள். "தூங்கும்போது தலகாணி ஓரத்தைக் கடிப்பேன்." அதுவும் போயிற்று. "என் பேரு, என் பேரு!" கணீர் ஒரு நொடி தயங்கினாள். காலையிலிருந்து பார்க்காத முகம் அத்தனை பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றது. பெயரையும் சொன்னாள். ஆளில்லாத அந்தப் பெரிய வட்டம் முழுவதும் மகளின் பெயர் சுற்றி வந்து அடங்கியது.

"பெற்றோர் யாராக இருந்தாலும் உடனே வந்து அழைத்துச் செல்லவும்," என்று முடித்தாள்.

"யாரும்மா அந்தப் பொண்ணு? புதுசா இருக்கே," என்றார் ஒயர் அண்ணன்.

"சும்மா தோணினதுண்ணே. கேட்டுச்சா?"

"எல்லாப் பக்கமும் பளிச்சுன்னு கேட்டுச்சு. தெற்கு ஓரத்துலதான் இன்னும் நல்லாக் கேட்டுச்சு. அங்க எப்பவும் கொரகொரங்கும். இன்னைக்கு என்னவோ, எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கேக்குற மாதிரி அப்படி ஒரு அமைதி."

அதை யோசிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. நடைபாதையில் மேலாளரின் குரல் கேட்டது. விருந்தினர் இருக்கைகளைப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தார். கணீர் மகளைப் பின்கதவு வழியாக லிஃப்டில் ஏற்றி, "கடைசிப் பட்டனை அமுக்கு. கதவு திறந்ததும் எதிர்ல படம் ஒட்டின ரூம் இருக்கும். அங்க டீச்சர்னு ஒருத்தர் இருப்பாங்க, பொம்மையெல்லாம் இருக்கும். நான் வர்ற வரைக்கும் அங்கயே இரு கண்ணு," என்று அனுப்பினாள். மேலாளர் போனதும் டீச்சருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று கணக்கு.

மேலாளர் லேசில் போகிறவர் அல்ல. வரலாற்றில் கழிப்பறை வரும் இடத்தில் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாமே என்று ஆலோசனை சொன்னார். நீச்சல் குளத்தை இரண்டாம் தடவை வாசிக்கவைத்துக் கேட்டார். அவர் நகர்ந்ததும் கணீர் போனை எடுக்கப் போனாள், அதற்குள் போனே அடித்தது.

"ஏம்மா, நான் டீச்சர் பேசறேன்," என்றது மறுமுனை. குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொள்கிற அந்த அம்மா பாலர் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் நிதானமாகத்தான் சொல்வார். "நீ மைக்ல சொன்ன பாப்பா இருக்கே, மஞ்சக் கவுன். அதை அனுப்பி வச்சுட்டேன். முடிஞ்சுதுன்னு சொல்லிடலாம்னு கூப்பிட்டேன்."

"எங்க அனுப்பினீங்க?"

"அவங்க அப்பா அம்மாகூடத்தான். நீ அறிவிச்ச கொஞ்ச நேரத்துல பாப்பா வந்து நின்னுச்சு, 'மைக்ல சொன்னது என்னைத்தான்'னு சொல்லிச்சு. அதுக்குப் பின்னாடியே அவங்களும் வந்துட்டாங்க. எல்லாம் முறைப்படி கேட்டேன்மா. பிளாஸ்டர், மச்சம், தலகாணி, பேரு எதுலயும் தப்பில்ல. நீ ஒண்ணை மறைச்சு வைப்பியே, எதுன்னு சொல்லலையே, அதனால எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

கணீர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், அது என் பொண்ணு. இன்னைக்குப் பொது வாசலே திறக்கலையே. அவங்க எந்தப் பக்கமா வந்தாங்க?"

"தெற்குப் பக்கமா," என்றார் டீச்சர். அந்த நிதானம் இப்போது இல்லை. "ஒத்திகைக்கு வந்தவங்கன்னு நினைச்சேன். பழைய மாடல் துணி. உடம்பெல்லாம் தூசி. அந்தம்மாவுக்கு ஒரு கால்ல செருப்பு இல்ல. குழந்தையைக் காணோமேன்னு பதறி ஓடி வந்திருப்பாங்கன்னு நினைச்சேம்மா."

கணீர் போனைப் போட்டுவிட்டு மைக்கை அழுத்தினாள். அந்த மைக்கில் நான் என்று யாரும் சொன்னதில்லை. அரங்கம்தான் அறிவிக்கும், அரங்கம்தான் வரவேற்கும். "கண்ணு, நான் அம்மா பேசறேன்," என்றாள். "அவங்ககூடப் போகாத. நின்னுடு. அங்கயே நில்லு."

வாக்கி-டாக்கி கரகரத்தது. "தெற்கு ஓரத்துல உன் குரல் வரலம்மா," என்றார் ஒயர் அண்ணன். "ஸ்பீக்கர்ல வேற ஏதோ வருது. கூட்டம் மாதிரி இரைச்சல். எந்த கேசட்டும் ஓடலையே. நான் அங்க இருந்து வந்துட்டேன். எனக்கு என்னவோ சரியாப் படல."

அவள் ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, படியிலேயே இறங்கினாள். காலரிகளுக்கு அடியில் அரங்கத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நடைபாதை போகிறது. வட்டமாக வளைந்துகொண்டே போவதால் முன்னால் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாது. எவ்வளவு ஓடினாலும் ஒரே இடத்தில் நிற்பது போலிருக்கும். சிகிச்சை அறை கடந்தது. வீரர்கள் உடைமாற்றும் அறை கடந்தது. நீச்சல் குளத்து மருந்து வாடை அடித்தது, கோப்பைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் அவள் உருவம் கூடவே ஓடியது. அறிவிப்பில் பெருமையாக வாசித்த ஒவ்வொன்றும் இப்போது வழியில் குறுக்கே நின்றது.

ஓடும்போது காலையில் தான் சொன்ன சொல் மண்டைக்குள் இடித்துக்கொண்டே வந்தது. தலை வாரவிடாமல் அடம் பிடித்ததற்கு அப்படி ஒரு சொல். சீப்பு உடைந்தது, நேரமாகிவிட்டது, பக்கத்து வீட்டுக் கதவு திறக்கவில்லை. எல்லாக் கோபமும் சேர்ந்து அந்தச் சின்ன முகத்தின் மேல் விழுந்தது. நாக்கை அறுத்து எறியலாம் போலிருந்தது. அதன் மனதில் கடைசியாகத் தங்குவது அந்தச் சொல்தான் என்று ஆகிவிடுமோ என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினாள்.

தெற்குப் படிக்கட்டின் இரும்புக் கதவு திறந்து கிடந்தது. பூட்டு அப்படியே தொங்கியது, பூட்டியபடியே.

உடைந்த நாற்காலிகள் எதுவும் அங்கே இல்லை. கழுவிவிட்டது போன்ற வெறும் படிகள். மேலே சுவர் இருக்க வேண்டிய இடத்தில் பளீரென்று வெளிச்சம், அதற்கு அப்பால் பெருங்கூட்டத்தின் இரைச்சல். பாதிப் படியில் மஞ்சள் கவுன் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சர் கண்ணுக்குத் தெரிந்த அந்த இரண்டு பேரும் கணீரின் கண்ணுக்குத் தெரியவில்லை. மகள் மட்டும்தான் தெரிந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் இரண்டு பக்கமும் மேலே தூக்கியபடி இருந்தன. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற குழந்தையின் கைகள் அப்படித்தான் இருக்கும்.

கணீர் பெயர் சொல்லிக் கத்தினாள். மஞ்சள் கவுன் நின்றது, திரும்பிப் பார்த்தது. கைகள் இறங்கவில்லை.

"ஆட்டம் ஆரம்பிக்கப் போகுதாம்மா," என்றாள் மகள், சாதாரணமாக. "நல்ல எடமாப் பிடிச்சு வச்சிருக்காங்களாம்."

"கீழ வா கண்ணு. அவங்க யாருன்னு உனக்குத் தெரியாது."

"அப்பா அம்மாவாம். நீதானே மைக்ல சொன்னே, தொலைஞ்சு போச்சு, யாராவது வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. இவங்க வந்தாங்க. எல்லாம் கரெக்டாச் சொன்னாங்க. டீச்சர்கூட சரின்னுட்டாங்க."

"அது விளையாட்டுக்குச் சொன்னது தங்கம்!"

"இவங்களுக்குத் தெரியாதே," என்றாள் மகள். பிறகு யோசித்து, "நீ ஒண்ணை மறைச்சு வச்சிருப்பியே. அதைக் கேளு. அவங்க சொல்லலைன்னா நான் வந்துடறேன்," என்றாள்.

கணீர் வாயைத் திறந்தாள். கேட்பதற்கு ஒன்றுமில்லை. பல், மூக்கு, மச்சம், தலையணை, பெயர், எல்லாவற்றையும் தூக்கி மைக்கில் கொட்டியாயிற்று. தன் மகளைப் பற்றித் தனக்குத் தெரிந்தது அவ்வளவுதானா என்று ஒரு கணம் அவளுக்குத் திகைப்பாக இருந்தது. பிடித்த நிறம் எது? மஞ்சளா, அல்லது வீட்டில் இருந்தது மஞ்சள் கவுன் மட்டும்தானா? வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற தோழி யார்? ஒரு வாரமாக ஏதோ ஒரு கனவைச் சொல்ல வந்ததே, என்ன கனவு? அப்புறம் சொல்லு, அப்புறம் சொல்லு என்று தள்ளிவிட்டதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. மேலே இரைச்சல் கூடியது. மகளின் கைகள் இன்னும் கொஞ்சம் மேலே இழுபட்டன, ஒரு கால் அடுத்த படியில் ஏறியது.

மைக்கில் சொல்லாத ஒன்று இருக்கத்தான் செய்தது. முறைக்காக மறைத்ததல்ல, வெட்கத்தால் மறைத்தது. யாரிடமும், தன்னிடமே கூட, திருப்பிச் சொல்ல முடியாதது.

"கேக்கறேன்," என்றாள் கணீர். கணீரென்ற குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "இன்னைக்குக் காலைல வீட்டை விட்டுக் கிளம்பும்போது, இவ அம்மா இவகிட்ட என்ன சொன்னா? அதைச் சொல்லச் சொல்லு."

மகளின் முகம் மாறியது. அவள் இடது பக்கம் அண்ணாந்து பார்த்தாள், பிறகு வலது பக்கம். யாரோ குனிந்து காதில் சொல்வதைக் கேட்பவள் போல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கேட்கக் கேட்க அவள் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பெற்றவளுக்குப் பயமாக இருந்தது.

"'என் செல்லமே, கூட்டத்துல அம்மா கையை விட்டுடாத. நீ இல்லைன்னா எனக்கு வேற யாரு இருக்கா'ன்னு சொன்னாங்களாம்," என்றாள் மகள் மெதுவாக. "அப்பாவும் அதேதான் சொன்னாராம்."

அந்தச் சொற்களைக் கீழே விடப் பிடிக்காதவள் போல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"நீ சொல்லு," என்றாள்.

கணீர் படியில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பொய் சொல்லலாம். ஆனால் சரியான பதில் எதுவென்று தெரிந்த ஒரே ஆள் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"'சனியனே, உன்னால என் வாழ்க்கையே போச்சு'ன்னு சொன்னேன்," என்றாள். "'நீ பொறக்காமலே இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்'னு சொன்னேன்."

மேலே இரைச்சல் சட்டென்று நின்றது. இடது கை முதலில் இறங்கியது. யாரோ மரியாதையாக விட்டுவிட்டு விலகியது போல் அது பக்கத்தில் வந்து தொங்கியது. வலது கை இறங்கவில்லை. மகள் அந்தப் பக்கமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் வாராமல் விட்ட முடி அவள் நெற்றியில் விழுந்திருந்தது. காற்றே இல்லாத அந்தப் படிக்கட்டில் அது மெல்ல ஒதுங்கி, காதுக்குப் பின்னால் போய் நின்றது.

கணீருக்குக் கேட்காத ஒரு கேள்விக்கு மகள் தலையாட்டினாள்.

"ஆமா," என்றாள். "நெஜமாவே அப்படித்தான் சொன்னாங்க." கொஞ்சம் பொறுத்து, "பரவால்ல. நான் இவங்ககூடவே போறேன்," என்றாள். கையை விடுவித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்துக் கீழே இறங்கி வந்தாள்.